ஃபைல் பூட்டைத் திறக்கவும் மெமரி வேணுமா? ஈநோலாக் (ENOLCK) பிழை அனுபவங்கள்

வடபழஞ்சி
விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வர், லினக்ஸ். ஒரு ஃபைலின் 0–99 பைட்டுக்கு ரைட் லாக். நடுவில் 40–59 மட்டும் அன்லாக். ஃபெயில்ஸ்லாப் (கெர்னலின் மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்க வைக்கும் வசதி) சோதனையில் அந்த அன்லாக் -1 தந்தது, எர்னோவில் (பிழை எண்) ஈநோலாக். ப்ராக் லாக்ஸை (/proc/locks, இருக்கும் லாக்குகளின் பட்டியல்) பார்த்தால் 0 99 என்று அதே ஒற்றை வரி அசையாமல் நிற்கிறது. அன்லாக்கின் ரிட்டர்ன் மதிப்பைக் கோடில் எங்குமே பார்க்கவில்லை; அடுத்த கவுன்டர் எஃப்_செட்எல்கேடபிள்யூவில் (லாக் கிடைக்கும்வரை காத்திருக்கும் கோரிக்கை) தொங்கிவிட்டது.

காரணம் இதுதான். நடுவில் வெட்டினால் ஒரு லாக் 0–39, 60–99 என்று இரண்டாகும். கூடுதல் ஃபைல்_லாக் (ஒரு லாக்கைக் குறித்து வைக்கும் கெர்னல் பதிவு) வேண்டும். ஸ்பின்லாக்கை (கெர்னலின் உள்பூட்டு) பிடித்தபின், தூங்கக்கூடிய, அதாவது மெமரிக்காகக் காத்திருக்கக்கூடிய ஜிஎஃப்பி_கெர்னல் அலகேஷன் (மெமரி ஒதுக்கீடு) கூடாது. அதனால் கெர்னல் இரண்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டுதான் ஸ்பின்லாக்கைத் தொடும், மிஞ்சியதைத் திருப்பிவிடும். முழு ஃபைலையும் அன்லாக் செய்தால் (ஸ்டார்ட் 0, லென் 0; லென் 0 என்றால் கடைசிவரை) மெமரியே வேண்டாம்.

இளந்தைக்குளம்
ஃபெயில்ஸ்லாப்பில் ப்ராபபிலிட்டி 100 வைத்தும் ஒன்றுமே விழவில்லை என்றால் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்டைப் பாருங்கள். டிஃபால்ட் ஒய் (Y), தூங்கக்கூடிய அலகேஷனை அது தொடாது. அதை என் (N) ஆக்க வேண்டும். கேஷ்-ஃபில்டரைப் போட்டு ஃபைல்_லாக்_கேஷுக்கு (ஃபைல்_லாக்குகள் வரும் மெமரித் தொகுப்பு) மட்டும் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷினே படுத்துவிடும். ஸ்லாப் மெர்ஜ் ஆகியிருந்தால் (அந்தக் கேஷ் வேறொன்றோடு சேர்ந்திருந்தால்) ஸ்லாப்_நோமெர்ஜ் போட்டு பூட் செய்யணும்.

திருமங்கலம்
வடபழஞ்சி அண்ணே, "மெமரியே வேண்டாம்" என்பது தப்பு. எஃப்சிஎன்டிஎல் (லாக், அன்லாக் கேட்கும் சிஸ்டம் கால்) வழியாகப் போனால் கோரிக்கையைத் தாங்க முதலிலேயே ஒரு ஃபைல்_லாக் எடுக்கும். நடுவெட்டுக்கு மொத்தம் மூன்று, முழு அன்லாக்குக்கு ஒன்று. அந்த ஒன்று கிடைக்காவிட்டாலும் ஈநோலாக்தான். நிஜமாகவே எதுவும் கேட்காதது க்ளோஸ் மட்டும்; அங்கே ஃபைல்_லாக் ஸ்டாக்கிலேயே இருக்கிறது.

அதற்காக எல்லாரும் க்ளோஸுக்கு ஓடவேண்டாம். அதே ஃபைலை அதே ப்ராசஸ் வேறொரு எஃப்டியில் (திறந்த ஃபைலின் எண்) திறந்து மூடினாலும் அந்த ப்ராசஸின் லாக் அத்தனையும் போய்விடும். கான்ஃபிக் படிக்கும் லைப்ரரி ஒன்று திறந்து மூடினால் போதும். த்ரெட் இருந்தால் ஓஎஃப்டி லாக்குக்கு (ப்ராசஸோடு அல்ல, திறந்த ஃபைலோடு சேரும் லாக்) மாறுங்கள், லினக்ஸ் 3.15 முதல் இருக்கிறது. அதில் எல்_பிஐடி (l_pid, ப்ராசஸ் எண்) 0 ஆக இல்லாவிட்டால் ஈஇன்வால் (தவறான மதிப்பு என்ற பிழை) வரும். ஸ்ட்ரக்ட் ஃப்ளாக்கை (flock, லாக் கோரிக்கை) மெம்செட்டால் பூஜ்யமாக்காமல் ஸ்டாக்கில் விட்டால் அதில் கிடக்கும் குப்பையே போதும். இன்னொன்று: ரெக்கார்டுக்கு ஒரு லாக் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடாதீர்கள். ஒட்டிய லாக்குகள் ஒன்றாகச் சேரும், இடைவெளி இருந்தால் சேராது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 பைட், தேடுவதோ லிஸ்ட்டை வரிசையாக நடந்து.

வடபழஞ்சி
தம்பி சொன்னது சரி, ஒன்று வேண்டும். ஆனாலும் நடுவெட்டை எடுத்துவிட்டு முழு அன்லாக்குக்கு மாற்றியாச்சு, ரிட்டர்னும் பார்க்கிறோம்.