காலால் பெடல் மிதிக்க முடியாதவருக்கு ஜி29 கேம் ஸ்டீயரிங்: கை லீவரில் பிரேக் சரியா வரமாட்டேங்குது

சோமனூர்_தறி

வணக்கமுங்க. தம்பிக்கு 19 வயசு. முதுகுத்தண்டுக் காயம், டி10 மட்டம் (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல பத்தாவது). இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ரெண்டு கையும் முழு பலத்தோட இருக்குது, விரல் பிடியும் நல்லா இருக்குது. உட்கார முதுகுக்குச் சாய்மானம் வேணும்.

இருக்கிற சாமான்: லாஜிடெக் ஜி29, விண்டோஸ் கம்ப்யூட்டர், அசெட்டோ கோர்சா கார் ரேஸ் கேம். பெடல்ல இருந்த பொட்டென்ஷியோமீட்டரை (எவ்வளவு சுத்துதுன்னு அளக்கற பாகம்) கழட்டி, ரீடிங்கைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பற ஒரு ஆர்டுயினோ லியோனார்டோ போர்டுல கொடுத்து, இடது கைப் பக்கம் ஒரு லீவர்ல மாட்டியாச்சு. முன்னால தள்ளினா பிரேக், இழுத்தா ஆக்சிலரேட்டர். வலது கை ஸ்டீயரிங்ல.

தொந்தரவு மூணு. பிரேக் ஒண்ணு பத்தறதில்லை, இல்லைன்னா டயர் லாக் ஆகிடுது, நடுவுல நிறுத்தவே முடியலை. லீவரைத் தொடாம இருக்கறப்பவே ரீடிங் நடுங்குது, பக்கத்துச் செட்டுல தறி ஓடறப்ப இன்னும் மோசம். மூணாவது, ஸ்டீயரிங் பின்னால விரலால இழுத்துக் கியர் இறக்கற இடது பேடிலுக்குக் கை போகாது. லேத், வெல்டிங் வேலை கோயமுத்தூர்ல பண்ணிக்கலாமுங்க. என்னென்ன மாத்தோணும்?

கணபதி_பட்டறை

தள்ளினா பிரேக்னு வச்சதை மட்டும் மாத்தாதீங்க, அது சரி. பிரேக்குக்குத்தான் பலம் அதிகம் வேணும். தள்ளறப்ப உடம்பு சாய்மானத்துல அழுந்தும். இழுத்துப் பிரேக் போடற மாதிரி வச்சா, இடுப்புப் பிடிமானம் இல்லாதவங்க முன்னால கவுந்துடுவாங்க.

கோளாறு பொட்டென்ஷியோமீட்டர்ல இருக்குது. அது சுத்தறது சுமார் 270 டிகிரி. உங்க லீவர் ஒரு பக்கம் போறது 20 டிகிரி இருக்கும்னு வைங்க. லியோனார்டோ படிக்கறது 1023 படி. அதுல பிரேக்குக்குக் கிடைக்கறது 75 படிதான். கேலிபரேஷன்ல அதை 100 சதவீதமா இழுத்து விடறோம், நடுக்கமும் கூடவே பெருசாகுது. உங்க முதல் ரெண்டு தொந்தரவுக்கும் பெரும்பங்கு காரணம் இதுதான்.

பிரேக்குக்குத் தூரத்தை அளக்கவே கூடாது, அழுத்தத்தை அளக்கோணும். லீவர் எத்தனை மில்லிமீட்டர் போச்சுன்னு கைக்கு நினைவு நிக்காது, எவ்வளவு பலமாத் தள்ளினோம்னு நிக்கும். அதனால பிரேக் பக்கம் லோடு செல் (அழுத்தத்தை அளக்கறது), ஆக்சிலரேட்டர் பக்கம் 49ஈ ஹால் சென்சார் (காந்தத்தை வச்சு நகர்வை அளக்கறது).

செய்யற விதம்: 12 மி.மீ. ஷாஃப்ட், ரெண்டு 6001 பேரிங். லீவர் ஷாஃப்டுக்கு மேல 300 மி.மீ., கீழ 75 மி.மீ. இது நாலுக்கு ஒண்ணு. கை 6 கிலோ தள்ளினா கீழ 24 கிலோ வரும். 20 கிலோ லோடு செல் வாங்கிடாதீங்க, பதட்டத்துல ஒரு தள்ளு தள்ளினா வளைஞ்சு போயிடும். 50 கிலோ பார் டைப் போடுங்க. லீவரோட கீழ்முனைக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு பாலியூரித்தேன் புஷ் வைங்க, கை 10, 15 மி.மீ. போற அளவுக்கு அது அமுங்கினாப் போதும். இரும்போட இரும்பு நேரா மோதினா மணிக்கட்டு வலிக்கும், நுணுக்கமும் வராது.

செல்லை ரெண்டு பக்கமும் இறுக்கிடக் கூடாது. ஒரு முனை போல்ட், மறுமுனை அந்தரத்துல. தாங்கற தகடு 6 மி.மீ.க்குக் குறைஞ்சா தகடே வளையும், ரீடிங் ஒழுங்கா வராது.

இழுக்கற பக்கம் ஸ்பிரிங் லேசா, கைப்பிடியில 800 கிராம் அளவுக்கு. நேர் ரோட்டுல முழு ஆக்சிலரேட்டரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கோணும், ஸ்பிரிங் கெட்டியா இருந்தா பத்து நிமிஷத்துல கை ஓய்ஞ்சுடும். ஹால் சென்சாருக்கு ரெண்டு காந்தம், எதிரெதிர் துருவம், நடுவுல சென்சார் நகரோணும். ஒத்தைக் காந்தம்னா கிட்டப் போறப்ப ரீடிங் திடீர்னு ஏறும். காந்தம் பிடிக்கற துண்டு அலுமினியமோ நைலானோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம்.

கியருக்கு லீவர் தலையில கட்டைவிரல் எட்டற இடத்துல ரெண்டு மைக்ரோ சுவிட்ச். உள்ளங்கை அடியால தள்ளறப்பக் கட்டைவிரல் சும்மாதான் இருக்கும், பிரேக்கும் கியர் இறக்கறதும் ஒண்ணா நடக்கும். கிளட்சை கேம்லயே ஆட்டோ பண்ணிடுங்க.

ரெண்டு_கை_ஸ்டீயரிங்

கணபதி அண்ணன் சொன்ன லீவர் நல்ல வேலை, ஆனா வேற ஒண்ணையும் யோசிங்க. ஒரே கையில ஸ்டீயரிங்னா அதுக்குள்ள இருக்கற மோட்டார் தர்ற அத்தனை உதறலும் ஒரே தோளுக்குப் போகும். வீல்சேர் தள்ளறவங்களுக்குத் தோள்தான் கால். ஜி29க்குப் பரவாயில்லை, அதுக்குப் பலம் குறைவு. நாளைக்கு 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் (மோட்டார்லயே நேரா மாட்டின ஸ்டீயரிங்) வாங்கினா ஒத்தைக் கை தாங்காது.

அதுக்குப் பதில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால ரெண்டு அனலாக் பேடில், இடது பிரேக், வலது ஆக்சிலரேட்டர். ரெண்டு கையும் 9 மணி, 3 மணி இடத்தை விட்டு நகராது. நிஜ ரேஸ்லயும் இந்த வழி உண்டு. 2018ல அமெரிக்காவுல போகோனோ டிராக் விபத்துல கால் செயலிழந்த ரேஸ் டிரைவர் ராபர்ட் விக்கன்ஸ், ஸ்டீயரிங் பின்னால இருக்கற வளையத்தை இழுத்துப் பிரேக் போட்டே 2023ல ஐஎம்எஸ்ஏ மிஷலின் பைலட் சாலஞ்ச் கார் ரேஸ் தொடர்ல டிசிஆர் பிரிவுப் பட்டம் வாங்கினார். கார் ஹூண்டாய் எலாண்ட்ரா.

சிக்கல் எங்கேன்னா, பேடில் ஸ்டீயரிங்கோடவே சுத்தும். கை மாத்திப் பிடிக்க வழியில்லை. அதனால சுத்தை 360 டிகிரிக்குள்ள கட்டோணும், லாஜிடெக் ஜி ஹப் சாஃப்ட்வேர்லயும் கேம்லயும் ஒரே எண்ணைப் போடோணும். ஒண்ணுல 900, இன்னொண்ணுல 360னு இருந்தா காரோட திருப்பமும் கைத் திருப்பமும் ஒத்துப்போகாது. ஒயருக்குச் சுருள் கேபிள். விரலால இழுக்கற பலத்தை ரெண்டு கிலோவுக்குள்ள வச்சுக்கலாம், அதனால பிரேக் பேடிலுக்கு 5 கிலோ செல் போதும்.

செட்டிபாளையம் கரி டிராக் மாதிரி 2.1 கி.மீ.க்குள்ள திருப்பம் அடுத்தடுத்து வர்ற இடத்துல வித்தியாசம் தெரியும். ஒத்தை லீவர்ல பிரேக்கை முழுசா விட்டு, நடுவைத் தாண்டித்தான் ஆக்சிலரேட்டருக்கு வர முடியும். பேடில்ல ரெண்டையும் ஒரு நொடி சேர்த்துப் பிடிக்கலாம்.

ஈரோடு_தெரபி

லீவரா பேடிலாங்கறதுக்கு முன்னால, தம்பி எதுல உட்கார்றார்? பக்கெட் சீட் வேண்டவே வேண்டாம். உணர்வில்லாத தோல் அழுந்தறது அவருக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். அவரோட வீல்சேர், அவரோட குஷன், அதுலயே விளையாடட்டும். நடுக்கால் இல்லாத ஸ்டாண்டா இருந்தா சேர் உள்ளே போகும்.

15லிருந்து 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னால குனிஞ்சு, ரெண்டு நிமிஷம் உட்காரும் இடத்து எடையை எடுக்கோணும். போன்ல அலாரம் வச்சிடுங்க. ஆட்ட ஜோர்ல யாருக்கும் ஞாபகம் வராது.

6 கிலோ முன்னால தள்ளினா சேர் பின்னால நகரும். டைல்ஸ் தரையில வீல் பிரேக் போட்டிருந்தாலும் வழுக்கும். சேரோட முன் ஃபிரேமை ஸ்டாண்டோட ராட்செட் பெல்ட்டால கட்டுங்க. சிறுநீர்க் குழாய் இருந்தா பெல்ட் அதை நசுக்காம பாருங்க.

லீவர் தலை முழங்கை உயரத்துல இருக்கட்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கோணும். கால் கிட்ட அடாப்டர், கம்ப்யூட்டர் சூடான காத்து எதுவும் வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கால் வெட்டி இழுக்கற பழக்கம் இருந்தா சீட்டை அதிர வைக்கற ஷேக்கரைத் தவிர்த்துடுங்க, அந்த அதிர்வே இழுப்பைக் கிளப்பலாம்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு: காயம் டி6க்கு மேலன்னா உடம்பு வேர்த்துச் சூடு தணிக்காது. ஈரோட்டுச் சித்திரை வெயில்ல மூடின ரூம்ல விளையாட விடாதீங்க.

சோமனூர்_தறி

ரொம்ப நன்றிங்க. சீட் விஷயம் தோணவே இல்லை, வீல்சேர்லயே வச்சுக்கறோம். இப்போதைக்கு லீவர்தான். லோடு செல்லோட, அதோட சிக்னலைப் பெருக்கிப் படிக்கற எச்எக்ஸ்711 போர்டு போட்டுச் சோதிச்சோமுங்க. பிரேக் ஒரு கணம் தாமதமா விழுது. தறி ஓடறப்ப நடுக்கமும் இன்னும் இருக்குது.

கணபதி_பட்டறை

தாமதத்துக்குக் காரணம் போர்டு. எச்எக்ஸ்711 கடையில வர்றப்ப நொடிக்கு 10 தடவைதான் படிக்கும். சிப்போட 15ஆம் கால் கிரவுண்டுல சேர்ந்திருக்கும். அதை மெதுவாத் தூக்கி 16ஆம் காலோட சால்டர் பண்ணுங்க, நொடிக்கு 80 ஆகும். புரோகிராம்ல சராசரி எடுத்தா ரெண்டு ரீடிங்குக்கு மேல வேண்டாம், அஞ்சு பத்துன்னு போட்டா தாமதம் திரும்ப வந்துடும்.

தறி நடுக்கம் ரெண்டு வகை, பிரிச்சுப் பாருங்க. லோடு செல்லை ஸ்டாண்டுல இருந்து கழட்டி மெத்தை மேல வைங்க. அப்பவும் நடுங்கினா மோட்டார் கரண்ட் இரைச்சல்: ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க. ஹால் சென்சார் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எர்த் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துடுங்க.

மெத்தையில நின்னுடுச்சுன்னா தரை அதிர்வு. ஸ்டாண்டு காலுக்குக் கெட்டி ரப்பர் பேட் வைங்க. மிச்சத்துக்குப் பிரேக்குல 3 சதவீதம் டெட்ஸோன் (அதுக்குள்ள வர்ற ரீடிங்கைக் கண்டுக்காம விடறது) போதும். கேம்ல பிரேக் காமாவை (தள்ளற பலத்துக்குப் பிரேக் எப்படி ஏறணும்னு சொல்ற அளவு) 1க்குக் கொண்டு வாங்க, முழு பிரேக்கை 6 கிலோவுக்குப் பதில் முதல் வாரம் 4 கிலோவுல வச்சுத் தொடங்குங்க, பழகப் பழக ஏத்திக்கலாம்.