தூக்கு உறுதியான பிறகு பதினைந்து வருடம் ஏன்?

கேள்வி:
ராஜீவ் காந்தி கொலை வழக்கை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 1999 மே மாதமே உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்துவிட்டது, அப்புறம் 2014-ல் தாமதத்தைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனையாகக் குறைக்கிறார்கள். இது எப்படிச் சரி? ஸ்ரீபெரும்புதூரில் அன்றைக்குப் பாதுகாப்புக்கு நின்று செத்த போலீஸ்காரர்களின் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
நான்கு பேரில் நளினிக்கு 2000-லேயே தண்டனை குறைந்துவிட்டது. மீதி மூன்று பேரும் அதே வருடம் குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு போட்டார்கள், அது நிராகரிக்கப்பட்டது 2011 ஆகஸ்டில். பதினொரு வருடம்! செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தாயிற்று, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால்தான் நின்றது. கொட்டடியில் இருப்பவனுக்கு அந்தப் பதினொரு வருடமும் இன்றைக்கா நாளைக்கா என்றுதானே விடிந்திருக்கும்? தீர்ப்பில் எழுதாத அந்த இரண்டாவது தண்டனையைத்தான் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. குற்றம் செய்யவில்லை என்று அது சொல்லவில்லை.

பதில் 2:
இது திடீரென்று வந்த சலுகை இல்லை. 1983-ல் வைத்தீஸ்வரன் வழக்கில் (அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்) தூக்கை நிறைவேற்றாமல் இரண்டு வருடம் தாண்டினாலே அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதே வருடம் இன்னொரு அமர்வு அந்த இரண்டு வருடக் கணக்கை ஏற்கவில்லை. கடைசியில் 2014 ஜனவரி 21 அன்று அப்போதைய தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, காரணமில்லாத நீண்ட தாமதமே தண்டனையைக் குறைக்கப் போதுமானது என்று சொல்லி வேறு வழக்குகளில் 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது; அதே அடிப்படையில்தான் அடுத்த மாதம் இந்த மூன்று பேருக்கும் குறைந்தது. கருணை மனு தள்ளுபடியானதைக் கைதிக்குத் தெரிவித்து 14 நாளாவது கழித்துத்தான் தூக்கிலிட வேண்டும் என்றும் அந்த ஜனவரித் தீர்ப்பு சொன்னது. அதற்கு முந்தைய வருடம் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவைத் தூக்கிலிட்ட பிறகுதான் குடும்பத்துக்குக் கடிதமே போய்ச் சேர்ந்தது, அது ஞாபகம் இருக்கிறதா?

கேட்டவர்:
சரி, கைதியின் பக்கம் இப்போது புரிகிறது. ஆனால் செத்தவரின் வீட்டாரும் அதே பதினொரு வருடம் முடிவு தெரியாமல்தானே இருந்தார்கள்?

பதில் 1:
ஆமாம், இருந்தார்கள். அதனால்தான் என் கோபம் நீதிமன்றத்தின் மேல் இல்லை, கோப்பை அத்தனை வருடம் நகர்த்தாமல் வைத்திருந்தவர்கள் மேல். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கருணை மனு போட கைதிக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் முடிவெடுக்க இன்னமும் எந்தக் கெடுவும் இல்லை.