பேய், மந்திரவாதின்னு மாயாஜாலப் படமா எடுத்த டைரக்டர் விட்டலாச்சார்யா, அவரு படம் பாத்து மனசுல ஒட்டிக்கிட்ட சீன் எது? சொல்லுங்க

மணல்மேடு:
ஜெகன்மோகினி தான், வேறென்ன. டெண்ட்டு கொட்டாய்ல மண்ணக் குவிச்சு அதுமேல உக்காந்து பாத்தது. எல்லாரும் மோகினியா நடிச்ச ஜெயமாலினியவே பேசுவாங்க, எனக்கு அந்த அடுப்பு சீன் தான் இன்னும் போகல. விறகுக்கு பதிலா பேய் அது பாட்டுக்கு தன் காலத் தூக்கி அடுப்புக்குள்ள சொருகிடும், அது திகுதிகுன்னு எரியும், சமையல் நடந்துக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்தா எங்கம்மா அடுப்பு முன்னாடி குத்தவச்சு ஊதுகுழல ஊதிக்கிட்டு இருக்காங்க, மொதல்ல அவங்க காலத் தான் பாத்தேன்.

கிளிமூக்கு:
எனக்கு டிவி தான். எலும்புக்கூடு ஆடுறதெல்லாம் சிரிப்பு. ஆனா அப்பா பக்கத்துல உக்காந்து, நடிகர் யாராவது கால்ஷீட் இழுத்தடிச்சா, சம்பளம் கூடக் கேட்டா, விட்டலாச்சார்யா கதையில முனிவர விட்டு சாபம் குடுத்து அந்த நடிகர ஆடாவோ கிளியாவோ மாத்திட்டு மிச்சப் படத்த முடிச்சுருவாராம்னு சொன்னாரு. அதுலருந்து எந்தப் படத்துல கிளி வந்தாலும் இது யாரோட சம்பளப் பிரச்சனையோன்னு தான் தோணுது.

பழையரீல்:
கிளிமூக்கு, இந்தக் கதைய விடவே மாட்டீங்களா? மனுசன் உடுப்பி பக்கத்துக்காரரு, கன்னடத்துல படம் எடுத்துட்டு அப்புறம் மெட்ராஸ் வந்து தெலுங்குல இறங்குனவரு. என்டிஆரே வரிசையா நடிச்சிருக்காரு, 1963ல ‘பந்திபோட்டு’ படம், 1970ல அலிபாபா, அதுல ஜோடி நம்ம ஜெயலலிதா. அவங்களயெல்லாம் கிளியாக்கியா ஓட்டுனாரு? கம்மி பட்ஜெட்னா உடனே ஏமாத்து வேலைன்னு நெனைக்கிறது. என் அனுபவம் எதுவும் எழுதல, கோவத்துல மறந்துபோச்சு.

ஈட்டிக்காரன்:
நம்மளது சின்னது. மந்திரவாதி டக்குனு மறையிற சீன்ல பின்னாடி நின்ன காவலாளியோட ஈட்டி சடக்குனு கொஞ்சம் தள்ளிப் போச்சு. கேமராவ நிறுத்தி, மத்தவங்கள அப்படியே நிக்கச் சொல்லி, அந்தாள மட்டும் வெளிய அனுப்பிட்டு திரும்ப கேமராவ ஓட விட்டிருக்காங்க, நம்ம காவலாளிக்கு அதுக்குள்ள கை வலிச்சிருச்சு போல. இப்பல்லாம் மந்திரவாதிய விட்டுட்டு ஓரத்துல நிக்கிறவனத் தான் பாக்குறேன்.

அப்புறம் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுறவங்க ஒண்ணு கேளுங்க. 2009ல நமீதா நடிச்ச ஜெகன்மோகினிலருந்து ஆரம்பிக்காதீங்க, 1978 படத்தப் போடுங்க, தமிழ் டப்பிங்கே போதும். போன்ல வேணாம், பெரிய திரைல, லைட்ட அணைச்சிட்டு. பாட்டு வந்தா தள்ளி விட்டுக்கோங்க, தப்பில்ல. சிரிச்சா சிரிக்கட்டும், நடுவுல நிறுத்தி அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லன்னு கிளாஸ் எடுக்காதீங்க. சாப்பாட்டு நேரத்துல மட்டும் போடாதீங்க.

கிளிமூக்கு:
பழையரீல் அண்ணே, என்டிஆர நான் எங்க இழுத்தேன்? சொன்னது எங்கப்பா, சண்டைய அவர்கிட்ட வச்சுக்கங்க.