19 அங்குல வீல் போட்டால் பிரேக் சூடு குறையுமா?

தடத்துக்காரன்:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "18 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 19 போடுங்கள், ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் சூடாகாது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வீலை மாற்றினால் அதோடு சுழலும் பிரேக் டிஸ்க் மாறிவிடுமா? 1,500 கிலோ காரை மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்கினால் ஏறக்குறைய 19 லட்சம் ஜூல். அதைப் பிரேக்தான் விழுங்கியாக வேண்டும். வீல் அளவு எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

கல்லட்டி36:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். நான் சொன்னது ஸ்போக் இடைவெளிக்காக. என் பழைய 18 அங்குல வீல் முகம் மூடிய வடிவம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டி இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் ஓரம் சாம்பல் பூத்து விரல் பட்டதும் உதிர்ந்தது. ஐந்து ஸ்போக் 19 மாட்டிய பிறகு அந்த நீலம் ஏறவில்லை.

தடத்துக்காரன்:
புது வீலோடு புது பேடும் போட்டீர்களா? அதை ஏன் எழுதவில்லை? காற்று ஸ்போக் வழியாக உள்ளே வருவதில்லை. நடுவே காற்றுவழி விட்ட டிஸ்க் சுழலும்போது, பெரும்பாலும் உட்பக்கத்தில் ஹப்பை (நடு மையத்தை) ஒட்டிக் காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசுகிறது. பந்தயக் கார்களில் முன்பக்கத்திலிருந்து குழாய் இழுத்து டிஸ்கின் உட்பக்கம் விடுவது அதனால்தான்.

கல்லட்டி36:
வீசிய சூடு வெளியேற வழி வேண்டாமா? போர்ஷே 935 பந்தயக் காரின் வீல் முகத்தில் விசிறித் தகடு எதற்கு மாட்டினார்கள்? சூட்டை வெளியே இழுக்கத்தான்.

தடத்துக்காரன்:
அந்தத் தகடு வீலை மூடுகிறது ஐயா! உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். ஃபார்முலா ஒன்னில் 18 அங்குலம் வந்த 2022-லேயே வீலுக்கு மூடியும் வந்துவிட்டது. பிரேக் எரிந்தா போயிற்று? ஸ்போக் வழியாகக் காற்று உள்ளே வருவதில்லை.

செட்டிப்பாளையம்:
கார்பன் டிஸ்கும் பெரிய காற்றுக் குழாயும் உள்ள காரைச் சாலைக் காரோடு ஒப்பிடுவது என்ன நியாயம்? முதலில் 'சூடாகிவிட்டது' என்றால் எதைச் சொல்கிறீர்கள்? பேட் பிடிமானம் போனதா, பிரேக் ஆயில் கொதித்து பெடல் மெத்தென்று இறங்கியதா? டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அது 155 தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தடத்துக்காரன்:
இவர் எங்கே போனாலும் ஆயிலில்தான் வந்து நிற்பார். போன மாதம் எஞ்சின் ஆயில் சண்டையிலும் இதே கதைதான். எங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கி.மீ. அங்கே வந்து பிரேக்கை மிதித்துவிட்டுப் பேசட்டும்.

செட்டிப்பாளையம்:
எங்கள் கோவை செட்டிப்பாளையம் தடம் பந்தய வீரர் கரிவர்தன் பெயர் தாங்கிய தடம். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர், ஆண்டு 2005. உங்கள் சென்னைக்கு கருண் சந்தோக் வர 2010 ஆயிற்று.

தடத்துக்காரன்:
நரேன் புள்ளி எடுத்த கதையையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள ஆறே கார் ஓடிய பந்தயத்தில் நான்காம் இடம்!

செட்டிப்பாளையம்:
ஓடாமல் ஒதுங்கியவர்களுக்கா புள்ளி கொடுப்பார்கள்? கடைசிவரை ஓட்டியவருக்குத்தான் கொடுத்தார்கள். அவரைக் குறைத்துப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

நாலாம்கியர்:
வீல் எடையை யாரும் பேசவில்லையே. வீல் பெரிதானால் பெரும்பாலும் கனமும் கூடும். சுழலும் அந்தக் கனத்தையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். பெரிய டிஸ்கும், பேடை அழுத்தும் காலிப்பரும் மாட்டுகிறவருக்கு 19 தேவைப்படலாம். மற்றவர்களுக்கு எதற்கு?

தடத்துக்காரன்:
முதலிலிருந்தே நான் சொல்வது இதைத்தான்.

நாலாம்கியர்:
எடையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கல்லட்டி36:
பேட் மாற்றவில்லை, பழையதேதான். ஊட்டி பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிவந்து நின்றதும், திறந்த வீல் அருகே கையை நீட்டினால் அனல் முகத்தில் அடிக்கும். மூடிய வீலில் அது உள்ளேயே தேங்கும். வெளியேறும் காற்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

தடத்துக்காரன்:
இறக்கத்தில் இரண்டாம் கியரில் வராமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் எந்த வீலிலும் அனல் அடிக்கும். ஓட்டத் தெரியாத குறையை வீல் தலையில் கட்டாதீர்கள். ஸ்போக் வழியாகக் காற்று உள்ளே வருவதில்லை.

கல்லட்டி36:
நான் கேட்டது வெளியே போவதை! ஓட்டத் தெரியாது என்று சொல்ல நீங்கள் யார்? ஒருநாள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தீர்களா?

தடத்துக்காரன்:
நாளை டிஸ்கின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து போடுகிறேன். காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

செட்டிப்பாளையம்:
பிரேக் ஆயில் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.