எலிப்பொறி ஸ்பிரிங் கார்: சக்கரம் வழுக்குகிறது, 4 மீட்டரில் நின்றுவிடுகிறது. 10 மீட்டர் போக என்ன செய்யலாம்?

மெக்_2ஆம்_ஆண்டு
வணக்கம். டிசைன் புராஜெக்ட்டுக்கு ஒரே ஒரு டார்ஷன் ஸ்பிரிங்கில் (முறுக்கு ஸ்பிரிங்) ஓடும் கார். ரப்பர் பேண்ட், பேட்டரி கூடாது. 1.5 மீட்டர் அகலப் பாதையில் 10 மீட்டர் நேராகப் போக வேண்டும், நேரக் கணக்கு இல்லை. மரப்பலகை எலிப்பொறியின் ஸ்பிரிங்கை எடுத்திருக்கிறோம். மடக்கிய லீவர் விடுபடும்போது நூலை இழுக்கும், நூல் பின் ஆக்சிலை (சக்கரங்களை இணைக்கும் கம்பி) சுழற்றும். லீவர் 10 செ.மீ. நான்கு சக்கரமும் சிடி. பின் ஆக்சில் 6 மி.மீ. கம்பி, நூல் சுற்றும் இடத்தில் டேப் சுற்றி 12 மி.மீ. ஆக்கினோம். சேசிஸ் (அடிச்சட்டம்) 6 மி.மீ. பிளைவுட், 45 செ.மீ. நீளம். மொத்த எடை 420 கிராம்.
விட்டதும் பின் சக்கரம் டைல்ஸில் சுற்றி வழுக்குகிறது. அதன்பின் மூன்றரை, நான்கு மீட்டரில் நின்றுவிடுகிறது. லீவரை நீட்டினால் போதுமா, இல்லை இன்னும் வலுவான ஸ்பிரிங் உள்ள பொறி வாங்கலாமா?

லேத்_பெஞ்ச்
எதையும் வாங்காதீர்கள். முதலில் இரண்டு அளவு எடுத்துப் போடுங்கள்.
ஒன்று, ஸ்பிரிங். லக்கேஜ் எடை பார்க்கும் தொங்கு தராசை லீவரில் 10 செ.மீ. தூரத்தில் மாட்டி, லீவருக்குச் செங்குத்தாக இழுங்கள். முழுதாக மடக்கிய நிலை, 90 டிகிரி, விடுபட்ட நிலை, மூன்றிலும் எத்தனை கிராம் காட்டுகிறது?
இரண்டு, உருளும் தடை. நூலைக் கழற்றிவிட்டு 1 மீட்டர் பலகையில் காரை வையுங்கள். ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் நிற்காமல் ஒரே வேகத்தில் உருண்டுபோகும் உயரம் எவ்வளவு?
அளக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லீவர் கைதவறினால் விரலை விடாது.

மெக்_2ஆம்_ஆண்டு
தராசு: 600, 400, 200 கிராம். பலகை: 5 செ.மீ. உயர்த்தினால்தான் ஓடுகிறது. பின் சக்கரங்களை மட்டும் தராசில் வைத்தால் 140 கிராம்.

லேத்_பெஞ்ச்
நோய் பிடிபட்டுவிட்டது. 100 கிராமை 1 நியூட்டன் என்று வைத்தால் டார்க் (முறுக்குவிசை) 0.6-இல் தொடங்கி 0.2 நியூட்டன்-மீட்டருக்கு இறங்குகிறது, சராசரி 0.4. அரைச்சுற்று 3.14 ரேடியன். ஸ்பிரிங் தருவது 1.26 ஜூல். இதுதான் உங்கள் மொத்தக் கையிருப்பு.
100 செ.மீ.க்கு 5 செ.மீ. என்றால் தடை எடையில் 0.05 பங்கு. 420 கிராமுக்கு 0.2 நியூட்டன். 1.26-ஐ 0.2-ஆல் வகுத்தால் 6 மீட்டர் சொச்சம். ஒரு துளிகூட வழுக்காமல் ஓடினாலும் அதற்கு மேல் போகாது. லீவரை ஒரு முழம் நீட்டினாலும் இதே கதைதான். லீவர் ஆற்றலை உண்டாக்குவதில்லை, எவ்வளவு தூரத்துக்குப் பிரித்துச் செலவழிப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.
ஆகவே முதல் வேலை தடையைக் குறைப்பது. பலரும் உடனே பேரிங் வாங்க ஓடுவார்கள். கணக்குப் பாருங்கள்: மர ஓட்டையில் கம்பி நேரடியாகச் சுற்றி, உராய்வு 0.3 இருந்தாலும், ஆக்சில் ஆரம் 3, சக்கர ஆரம் 60 மி.மீ. 0.3 × 3/60 = 0.015. பலகையில் ஒன்றரை செ.மீ. உங்களுக்கு 5 வருகிறது என்றால் எங்கோ பிடிக்கிறது. சிடியின் மையத்தில் வைத்த குளூ மேடு சேசிஸில் உரசுகிறதா? இரண்டு பக்க ஓட்டைகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா? கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்திப் போகும். சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே சிறிய வாஷர் ஒன்று போட்டு, அரை மி.மீ. ஆட்டம் விடுங்கள்.

திருகுமரை
பேரிங் போடுவதானால் 6 மி.மீ. கம்பிக்கு 626 என்ற எண் உள்ளது (துளை 6, வெளிவிட்டம் 19, அகலம் 6 மி.மீ.). விரலில் சுற்றி விளையாடும் ஸ்பின்னரில் இருந்து 608 எண் பேரிங்கைப் பிடுங்கிப் போடுபவர்கள் உண்டு. அதன் துளை 8 மி.மீ., டேப் சுற்றி நிரப்பினால் மையம் தப்பும். புது பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் விரலால் தட்டியதும் சுற்றும்.
எடையையும் குறையுங்கள். அந்தப் பிளைவுட் பலகையே வேண்டாம். 3 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பட்டை, நடுவே மூன்று குறுக்குச் சட்டம் போதும். 300 கிராமுக்குள் வந்துவிடும்.

லேத்_பெஞ்ச்
300 கிராம், பலகையில் 2 செ.மீ. என்று கொண்டுவந்தால் தடை 0.06 நியூட்டன். 10 மீட்டருக்கு 0.6 ஜூல், கையிருப்பில் பாதிதான்.
இப்போது லீவருக்கு வரலாம். இன்றைய அமைப்பில் 10 செ.மீ. லீவர் நூலை 6 நியூட்டனில் இழுக்கிறது. ஆக்சில் ஆரம் 6, சக்கரம் 60, ஆகவே தரையில் தள்ளுவிசை 0.6. பின் சக்கரத்தின் மேல் 1.4 நியூட்டன்தான் அழுத்துகிறது. சிடி விளிம்புக்கும் டைல்ஸுக்கும் உராய்வு 0.3 என்றாலும் பிடிமானம் 0.42. வழுக்காமல் என்ன செய்யும்? அதோடு 20 செ.மீ. நூல் 5 சுற்றில் தீர்ந்து, 2 மீட்டரோடு இழுவை முடிகிறது.
டேப்பை உரித்து எறியுங்கள். லீவர் 30 செ.மீ. வையுங்கள். அரைவட்டம் போனால் 60 செ.மீ. நூல் இழுபடும். 6 மி.மீ. ஆக்சிலில் சுமார் 32 சுற்று, ஒரு சுற்றுக்கு 37.7 செ.மீ., மொத்தம் 12 மீட்டர். தள்ளுவிசை 0.1 நியூட்டன். தடையான 0.06-ஐ விடக் கூடுதல், பிடிமானத்தை விட வெகு குறைவு. வழுக்கல் தானாக நிற்கும்.
மடக்கிய நிலையில் லீவரின் நுனி பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வர வேண்டும், அதாவது ஸ்பிரிங்கின் அச்சு ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால். நுனி எட்டாமல் நின்றால் நூலும் லீவரும் ஒரே கோட்டில் விழுந்து, தொடக்கத்தில் வெடுக்கென்று இழுக்கும். இதில் ஒரு அழகும் உண்டு. ஸ்பிரிங் தளரத் தளர இழுவை குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் லீவர் எழும்போது நூலின் கோணமும் மாறுவதால் முக்கால்வாசித் தூரம் இழுவை 1.8 முதல் 2 நியூட்டனுக்குள்ளேயே இருக்கும், கடைசியில் கூடவும் செய்யும்.

திருகுமரை
சின்னத் திருத்தம். நூலின் தடிமனையும் சேர்க்க வேண்டும். கொத்தனார் நைலான் கயிறு 1 மி.மீ. இருந்தால் ஆக்சில் 7 மி.மீ. போல நடந்துகொள்ளும், 12 மீட்டர் 10.3 ஆகிவிடும். செருப்புத் தைக்கும் மெழுகு நூல் அரை மி.மீ. கிடைக்கும், அதில் 11 மீட்டர் வரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். தூண்டில் நரம்பு வேண்டாம், சுருண்டு ஆக்சிலை விட்டுத் துள்ளும்.
லீவருக்குப் பழைய குடைக்கம்பி அருமையான பொருள், பள்ளமாக மடித்த எஃகு என்பதால் எடை குறைவு, வளையாது. பொறியின் கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுக்கி மேலே அரால்டைட் (இரண்டு குழாய் கலந்து ஒட்டும் எபாக்சி பசை) வையுங்கள். குளூ கன் மட்டும் போதாது, விட்டுவிடும்.

மெக்_2ஆம்_ஆண்டு
மாற்றிவிட்டோம். குளூ மேடுதான் உரசியது. இப்போது எடை 310 கிராம், பலகையில் 2 செ.மீ. வழுக்கல் இல்லை. இரண்டு புதுப் பிரச்சினை: 6 மீட்டர் தாண்டுவதற்குள் இடப்பக்கம் போய்ப் பாதைக்கு வெளியே விழுகிறது. அகலமான வராந்தாவில் விட்டால் 11 மீட்டர் அருகே சடக்கென்று நின்று பின்னால் வருகிறது.

லேத்_பெஞ்ச்
பின்னால் வருவதற்குக் காரணம், நூலை ஆக்சிலில் முடிச்சுப் போட்டிருப்பீர்கள். நூல் தீர்ந்ததும் அது எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கி பிரேக் போடும். ஆக்சிலில் சின்ன கேபிள் டை ஒன்றை இறுக்கி, வாலை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நூல் முனையில் கண்ணி போட்டு அந்த வாலில் மாட்டினால் போதும். கடைசிச் சுற்றில் தானே நழுவும், மீதியைக் கார் வேகத்திலேயே உருண்டு போகும்.
இடப்பக்கம் இழுப்பது ஆக்சில்கள் இணையாக இல்லாததால். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சக்கர இடைவெளி 12, ஆக்சில் இடைவெளி 35 செ.மீ. இருக்கும் காரில் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் 10 மீட்டரில் 1.2 மீட்டர் விலகும். உங்களுக்குப் பக்கத்துக்கு 75 செ.மீ.தான் இடம். கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வேலை இல்லை இது. முன் ஆக்சிலின் ஒரு பக்க ஓட்டையை நீள்துளையாக அராவி, எம்3 (3 மி.மீ.) திருகால் முன்பின் தள்ளும்படி வையுங்கள். கார் இடப்பக்கம் போனால் முன் ஆக்சிலின் இடது முனையைக் கால் மி.மீ. முன்னே தள்ளுங்கள்.

திருகுமரை
திருகைத் தொடும் முன் சிடிகள் ஆடுகின்றனவா பாருங்கள். சிடியின் துளை 15 மி.மீ., அதை 6 மி.மீ. கம்பியில் குத்துமதிப்பாக ஒட்டினால் தள்ளாடும், ஒவ்வொரு ஓட்டமும் ஒவ்வொரு பக்கம் போகும். அப்படியிருந்தால் நீள்துளை வைத்தும் பிடிக்க முடியாது. நைலான் புஷ் (துளைக்கும் கம்பிக்கும் நடுவே பொருந்தும் வளையம்) கடைந்து போடுங்கள், வெளியே 15, உள்ளே 6.