ரெண்டு டைஸ்ல 9-ம் 10-ம் ஏன் சமமா வராது?

கணக்குப்பிரியை:
பொண்ணு எட்டாவது படிக்கிறா, நிகழ்தகவை டைஸ் உருட்டி விளையாடியே சொல்லிக் குடுக்கலாம்னு உக்காந்தோம். அவ கேக்குறா, கூட்டுத்தொகை 9 வரணும்னா 3+6, 4+5னு ரெண்டு வழி, 10 வரணும்னா 4+6, 5+5னு அதுவும் ரெண்டு வழி, அப்புறம் ஏன் புக்ல ஒண்ணு 4/36 இன்னொண்ணு 3/36னு போட்டிருக்குன்னு. 3+6, 6+3னு மாத்தியும் எண்ணணும்டின்னு சொன்னா, "ரெண்டும் ஒரே மாதிரி டைஸ்தானேம்மா, எது முதல்ல எது ரெண்டாவதுன்னு அதுக்குத் தெரியுமா?"ங்கிறா. ஃபார்முலாவச் சொல்லி அவ வாய அடைக்க எனக்கு மனசில்ல. எப்படிப் புரிய வைக்கிறது?

நீலப்பகடை:
அருமையான கேள்விங்க, சொல்லிடுங்க அவகிட்ட. ஒரு டைஸ் சிவப்பு ஒண்ணு நீலம்னு எடுத்துக்கோங்க. சிவப்புல 3 நீலத்துல 6 விழுறது ஒண்ணு, சிவப்புல 6 நீலத்துல 3 விழுறது வேற, பாத்தாலே தெரியும். ஆனா 5+5க்கு ரெண்டுலயும் 5 விழுந்தே ஆகணும், ஒரே வழிதான். இப்ப கேளுங்க, அந்த பெயின்ட சுரண்டிட்டா டைஸ் உருளுற விதம் மாறிடுமா? மாறாது. கலர் நாம எண்ணுறதுக்குத்தான், டைஸ் எப்பவுமே ரெண்டு தனித்தனிப் பொருள். ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு 36-யும் அவளையே நிரப்பச் சொல்லுங்க, 7 மட்டும் ஆறு கட்டத்துல வர்றத அவளே கண்டுபிடிப்பா.

பழையநோட்டு:
இந்த இடத்துல பெரிய ஆளுங்களே சறுக்கியிருக்காங்க. 11-ம் 12-ம் விழ சமவாய்ப்புன்னு ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸே எழுதியிருக்கார், உண்மையில 11-க்கு ரெண்டு வழி, 12-க்கு ஒண்ணுதான். கலிலியோகிட்ட இதையே மூணு டைஸ்ல கேட்டாங்க. 9-க்கும் ஆறு கூட்டு, 10-க்கும் ஆறு கூட்டு, ஆனா விளையாடுறவங்களுக்கு 10 கொஞ்சம் ஜாஸ்தி வர்ற மாதிரி பட்டுச்சு, ஏன்னு. அவர் மொத்தம் 216-ஐயும் எண்ணிப் பாத்து 9-க்கு 25, 10-க்கு 27னு சொன்னார். காரணம் 3+3+3, அது ஒரே வழியிலதான் விழும், 1+2+6 மாதிரி மூணும் வேற வேறயா இருந்தா ஆறு வழி. இத பொண்ணயே எண்ண விடுங்க, ப்ளீஸ் நீங்க சொல்லிடாதீங்க.

கணக்குப்பிரியை:
சிவப்பு நீலம் ஐடியா சூப்பர்ங்க, நன்றி. ஆனா நூறு தடவ உருட்டினா இந்த வித்தியாசம் தெரியுமா? அவ உருட்டிப் பாத்துதான் நம்புவா.

நீலப்பகடை:
மூணு டைஸ்ல தெரியவே தெரியாது, ஆயிரக்கணக்குல உருட்டணும். ரெண்டு டைஸ்லயும் நூறுக்கு 9 சுமாரா 11 தடவ, 10 சுமாரா 8 தடவ, நாலஞ்சு அங்க இங்க போனா தலைகீழாவே வந்துடும், அப்ப புள்ள உங்களத்தான் நம்பாது. அதனால காயின்ல ஆரம்பிங்க. ரெண்டு காயின் சுண்டினா ரெண்டும் பூ, ரெண்டும் தலை, ஒண்ணு பூ ஒண்ணு தலைன்னு மூணு விதம், அவ கணக்குப்படி மூணும் சமமா வரணும், அதாவது அறுபதுக்கு இருபது இருபது. கலந்து விழுறது முப்பதுகிட்ட நிக்கும், அது கண்ணுலயே தெரியும். சுண்டுறதுக்கு முன்னாடி எது எத்தன வரும்னு அவ கைப்பட எழுதி வைக்கச் சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம்.