ஒலி இயக்கி நிரல் எழுதத் தொடங்கியபோது நீங்கள் முதலில் எங்கே இடறினீர்கள்?

முதல் பதிவு

லினக்ஸில் ஒலிச் சாதனத்துக்கான இயக்கி நிரலை (வன்பொருளை இயங்குதளத்துடன் பேசவைக்கும் டிரைவரை) எழுத வேண்டும் என்ற ஆசையில், வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கும் வழியைத்தான் நான் முதலில் தேடினேன். என் மடிக்கணினியோ வேறொரு வேலையை வைத்திருந்தது. ஹெட்போனில் பாட்டு கேட்டது. ஸ்பீக்கரில் முணுமுணுப்புகூட இல்லை. 2004-இல் இன்டெல் வெளியிட்ட எச்.டி. ஆடியோ முறையில், எண்களை ஒலியாக மாற்றும் கோடெக் சில்லின் ஒவ்வொரு பின்னும் (இணைப்பு முனையும்) எதனுடன் இணைந்திருக்கிறது என்ற விவரத்தைப் பெரும்பாலும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ்தான் நிரப்பி வைக்கிறது. அந்த விவரம் தவறாக இருந்தால், இயக்கி நிரலில் பிழையே இல்லாவிட்டாலும் ஒலி வராது. லினக்ஸின் ஒலிப் பகுதியான அல்சாவின் விவரங்களைத் திரட்டும் அல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்ட் தந்த நீண்ட அறிக்கையில், ஸ்பீக்கருக்குரிய பின் 'இணைப்பு இல்லை' என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அதே பின்னுக்கான திருத்தம் வேறொரு மடிக்கணினி மாடலுக்காக இயக்கி நிரலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஆகவே என் கணினியின் அடையாள எண்ணுடன் ஒரே ஒரு வரியை அந்த நிரலின் திருத்தப் பட்டியலில் சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியை நிரலின் பராமரிப்பாளர்களுக்கு மூன்று முறை அனுப்பினேன். முதல் முறை என் மின்னஞ்சல் செயலி டேப்களை இடைவெளிகளாக மாற்றிவிட்டதால் பேட்ச் (நிரல் மாற்றக் கோப்பு) பொருந்தவில்லை. இரண்டாம் முறை, பட்டியல் எண் வரிசையில் இருப்பதைக் கவனிக்காமல் என் வரியைக் கடைசியில் ஒட்டியிருந்தேன். மூன்றாம் முறை, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் அஞ்சல் கட்டளையைக் கொண்டே அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மறுமொழி 1

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. முழு இயக்கியையும் எழுதிப் பார்க்க விரும்பினேன். அதற்காக ஒலி அட்டை எதுவும் வாங்கவில்லை. கியூஎம்யூ மெய்நிகர் எந்திரம் என்சோனிக் இ.எஸ்.1370 என்ற பழைய ஒலிச்சில்லைப் போலவே நடித்துக் காட்டும். கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) உறைந்தால் அந்த எந்திரத்தை மறுபடி தொடங்கினால் முடிந்தது. அதே சில்லுக்கான நிரல் கெர்னலிலேயே இருப்பதால் விடைத்தாளும் பக்கத்திலேயே இருந்தது. (பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.)

அல்சாவில், செயலி ஒரு வட்ட இடையகத்தில் (முடிந்ததும் மறுபடி தொடக்கத்துக்கே திரும்பும் நினைவகப் பகுதியில்) ஒலித்தரவை எழுதிக்கொண்டே போக, வன்பொருள் அதன் பின்னாலேயே படித்துக்கொண்டு வருகிறது. எதுவரை படித்தாயிற்று என்பதைச் சொல்வது 'பாயின்டர்' செயற்கூறின் வேலை. அதை ஃபிரேம் (எல்லாச் சேனல்களுக்கும் ஒரு கணத்துக்குரிய தரவு) கணக்கில் சொல்ல வேண்டும். நான் பைட் கணக்கில் சொன்னேன். 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு ஃபிரேமுக்கு 4 பைட் என்பதால், வன்பொருள் நான்கு மடங்கு முன்னே போய்விட்டதாகக் கெர்னல் நம்பியது. இன்னும் ஒலிக்காத தரவின் மேலேயே புதிய தரவு விழுந்து பாட்டு துண்டு துண்டாகச் சிதறியது. கெர்னல் பதிவு முழுவதும் 'இன்வேலிட் பொசிஷன்' என்ற வரி நிறைந்து கிடந்தது.

அதைச் சரிசெய்தபின் எந்திரம் அடியோடு உறைந்தது. வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் இன்டரப்ட் கையாளியில், என் பூட்டை (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது) விடுவிக்காமலே, 'பீரியட் முடிந்தது', அதாவது இடையகத்தின் ஒரு பகுதி ஒலித்து முடிந்தது, என்று அறிவித்திருந்தேன். அந்த அறிவிப்பு பாயின்டரை அழைக்க, பாயின்டர் அதே பூட்டுக்காகக் காத்து நின்றது. டகாஷி இவாய் எழுதிய அல்சா வழிகாட்டியில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

மறுமொழி 2

என்னுடையது ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. பி.சி.எம்.5102ஏ என்ற கோடெக் சில்லு உள்ள சிறு பலகையை, ஒலித்தரவைக் கொண்டுபோகும் ஐ2எஸ் கம்பிகளில் இணைத்தேன். கோடெக்குக்கும் ராஸ்பெரி பைக்கும் உரிய நிரல்கள் ஏற்கெனவே கெர்னலில் இருப்பதால், சி மொழியில் ஒரு வரிகூட எழுதாமல், வன்பொருள் அமைப்பை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே ஒலி வந்துவிடுகிறது. ஆனால் தரவு வடிவத்தை ஐ2எஸ் என்பதற்குப் பதில் 'லெஃப்ட் ஜஸ்டிஃபைட்' என்று கொடுத்துவிட்டேன். முதல் பிட் வரும் நேரத்தில் இரண்டுக்கும் ஒரு கடிகாரத் துடிப்பு வேறுபாடு. அதனால் ஒவ்வொரு ஒலி மாதிரியிலும் (சாம்பிளிலும்) முதல் பிட்டைச் சில்லு தவறவிட்டது. மெல்லிய வீணை ஒலி சற்று உரக்க, குறையின்றிக் கேட்டது. தவில் தொடங்கியதும் காது கிழிந்தது. ஸ்பீக்கர்தான் பழுது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கியும் விட்டேன்.